தறி ஏன் நின்றது?

சங்கரன்கோவிலில் சில தெருக்களுக்குள் நுழைந்தால் ஆள் சத்தத்துக்கு முன்னால் தறிச் சத்தம்தான் காதில் விழும். விசைத்தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சத்தத்திலேயே படிப்பார்கள், சாப்பிடுவார்கள், தூங்கக்கூடச் செய்வார்கள். ஓடுகிற வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றதும்தான் எல்லாத் தலையும் திரும்பும்.

"அக்கா, தறி நின்னுட்டு. ஊடை அறுந்திருக்கும்லா?"

"பாக்காம எப்படிலே சொல்லுத? நாடா பெட்டிக்கு வந்து சேராம இருந்தாலும் நிக்கும்லா."

தம்பி சொன்னது நடந்திருக்கலாம். ஆனாலும் அக்காவின் பேச்சில்தான் தருக்கம் இருக்கிறது. எது தெரியும், எது தெரியாது என்று அவள் பிரித்துப் பார்க்கிறாள். அந்தப் பிரிப்புக்கு ஒரு கணக்கு முறை உண்டு. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தறியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. ஊடை சுற்றிய தாரை வயிற்றில் வைத்துக்கொண்டு இடமும் வலமும் பாய்வது நாடா. ஒவ்வொரு பாய்ச்சலின் முடிவிலும் அது ஓரத்தில் இருக்கும் பெட்டிக்குள் போய் அமர வேண்டும். தாரில் நூல் தீர்ந்தாலோ ஊடை அறுந்தாலோ தறி வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும், துணி வளராது. ஆகவே அதை நிறுத்த ஒரு ஏற்பாடு உண்டு. ஓரத்தில் சாப்பாட்டு முள்கரண்டியைப் போல ஒரு சின்னக் கம்பிக் கருவி இருக்கும். அதன் முட்களுக்கு எதிரே ஊடை நூல் குறுக்காக இருந்தால் நூல் அந்த முட்களைத் தள்ளும், மறுமுனையில் உள்ள கொக்கி மேலே எழும்பிவிடும், தறி தொடர்ந்து ஓடும். நூல் இல்லாவிட்டால் முட்களைத் தள்ள எதுவும் இல்லை. கொக்கி கீழேயே கிடக்கும். ஆடிவரும் ஒரு சுத்தி அந்தக் கொக்கியைப் பிடித்து இழுக்க, ஓட்டும் கைப்பிடி தட்டுப்பட்டுத் தறி நிற்கும். எனக்கு இந்தக் கருவி ரொம்பப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம், வளைந்த கம்பி ஒன்றே 'நூல் இல்லை' என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இரண்டாவது ஏற்பாடு நாடாவுக்கு. அது பெட்டிக்குள் வந்து அமராமல் நடுவழியில் பாவுக்குள் மாட்டிக்கொண்டால், அடுத்த அடியில் நூற்றுக்கணக்கான பாவு நூல்கள் ஒரேயடியாக அறுந்துபோகும். அப்படி ஆகுமுன் ஓர் இரும்பு நாக்கு முட்டுக்கட்டையில் மோதித் தறியை 'டம்' என்று நிறுத்திவிடும்.

இப்போது ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். தறி ஓட வேண்டுமானால், மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது, ஊடையும் அறாமல் இருக்க வேண்டும், நாடாவும் பெட்டிக்கு வர வேண்டும். இதில் இரண்டு சின்னக் கூற்றுகள் இருக்கின்றன. 'ஊடை சரி' என்பது ஒன்று, 'நாடா சரி' என்பது மற்றொன்று. கூற்று என்றால் என்ன? உண்மை, பொய் இரண்டில் ஏதாவது ஒன்றாக மட்டுமே இருக்கக்கூடிய வாக்கியம். 'சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது' ஒரு கூற்று. இன்று அது உண்மை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால் இதையே யாராவது சொல்லியிருந்தால் பொய். ஊர் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே எந்த நாளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கூற்று முழுமையாகும். பொய்யான கூற்றும் கூற்றுதான், அதில் சந்தேகம் வேண்டாம். 'ஆடித்தபசுத் திருவிழா என்றைக்கு?' கூற்று ஆகாது, அது கேள்வி. 'கதவைச் சாத்து' கூற்று ஆகாது, அது கட்டளை. 'இந்த வாக்கியம் பொய்' என்பதை எடுத்துக்கொண்டு உண்மையா பொய்யா என்று நீங்களே முயன்று பாருங்கள். உண்மை என்று வைத்தால் பொய்யாகும், பொய் என்று வைத்தால் உண்மையாகும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய அறிஞர்களைத் தூங்கவிடாத வாக்கியம் இது. இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுவோம்.

சின்னக் கூற்றுகளை ஒட்டிப் பெரிய கூற்று செய்ய நமக்குச் சில பசைகள் போதும். முதலாவது 'உம்'. ஊடையும் சரி, நாடாவும் சரி. இந்தப் பெரிய கூற்று எப்போது உண்மை? நான்கு நிலைமைகள்தான் இருக்க முடியும். இரண்டும் சரி, ஊடை மட்டும் சரி, நாடா மட்டும் சரி, இரண்டும் சரியில்லை. 'உம்' போட்ட கூற்று முதல் நிலைமையில் மட்டும் உண்மை, மற்ற மூன்றிலும் பொய். தறியும் அப்படியே நடந்துகொள்கிறது. இந்த நான்கையும் கட்டம் போட்டு எழுதினால் அதற்குப் பெயர் மெய்மை அட்டவணை. மேல்நிலை வகுப்புக்குப் போகும்போது பாடப்புத்தகத்தில் சந்திப்பீர்கள். கூற்றுகள் மூன்றானால் நிலைமைகள் எட்டு, பத்தானால் 1,024, இருபதானால் பத்து லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு கூற்று சேரும்போதும் இரண்டு மடங்காகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது பசை 'அல்லது'. இதில்தான் பெரியவர்களே தடுமாறுவார்கள், ஏனென்றால் பேச்சில் இதற்கு இரண்டு குணம் உண்டு. 'ஆதார் அட்டை அல்லது ரேஷன் அட்டை கொண்டு வரவும்' என்று அலுவலகத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. ஒருவர் இரண்டையும் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்களா? மாட்டார்கள். 'காபி குடிக்கியா, டீ குடிக்கியா?' என்று அத்தை கேட்கும்போதோ இரண்டையும் கேட்டால் வேறு பதில் வரும். முதல் வகையில் இரண்டும் சேர்ந்து இருக்கலாம், இரண்டாம் வகையில் ஒன்றுதான். தருக்கத்தில் 'அல்லது' என்று சொன்னால் முதல் வகையைத்தான் எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டில் ஒன்றாவது உண்மையாக இருந்தால் போதும், இரண்டும் உண்மையாக இருந்தாலும் சரிதான். இரண்டுமே பொய்யானால்தான் கூற்று பொய்.

இந்த வித்தியாசத்தை நினைவில் வைக்கச் சங்கரன்கோவில் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. ஊரின் தலபுராணமே இதில்தான் ஆரம்பிக்கிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவனே பெரியவர் என்கிறான் சங்கன். திருமாலே பெரியவர் என்கிறான் பதுமன். வழக்கு அம்மனிடம் போகிறது. அம்மன் தவம் இருக்கிறாள், இறைவன் ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார். ஆடித்தபசு அந்தத் தவத்தின் திருவிழாதான். தருக்கக் கண்ணோடு இந்தக் கதையைப் பாருங்கள். இரண்டு நாகங்களும் 'இவரா, அவரா?' என்று கேட்டபோதே, ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாகத்தான் வேண்டும் என்று இரண்டு பேருமே யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிட்டார்கள். சண்டையில் எதிரெதிராக நின்றாலும் அந்த ஒரு முடிவில் இருவரும் ஒற்றுமை. அது சரிதானா என்று முதலில் பார்த்திருந்தால் சண்டை அத்தனை தூரம் போயிருக்காது. யாராவது உங்களிடம் 'இதா, அதா?' என்று கேட்டால், இரண்டும் சேர்ந்து இருக்க முடியாதா என்று ஒரு நொடி யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது 'இல்லை'. இது இரண்டைச் சேர்ப்பதில்லை, ஒன்றைப் புரட்டிப் போடுகிறது. உண்மையைப் பொய்யாக்கும், பொய்யை உண்மையாக்கும். நம் தறியின் முள்கரண்டி செய்வது இதைத்தான். வீட்டில் இன்னொரு 'இல்லை' இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டிக்குள். கதவு சாத்தினால் பொத்தான் அழுந்தி விளக்கு அணையும், திறந்தால் எரியும்.

இந்த 'இல்லை'யை, 'உம்' போட்ட பெரிய கூற்றின் தலையில் வைத்தால் என்ன ஆகும்? அம்மா கடைக்கு அனுப்புகிறாள். "பாலும் தயிரும் வாங்கிட்டேன்" என்று வந்து சொல்கிறீர்கள். அது பொய் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. அப்படியானால் பையில் என்ன இல்லை என்று அவள் உறுதியாகச் சொல்ல முடியும்? நிறையப் பேர் உடனே 'பாலும் இல்லை, தயிரும் இல்லை' என்பார்கள். அது தவறு. பால் மட்டும் இல்லாமல் இருக்கலாம், தயிர் மட்டும் இல்லாமல் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அம்மா சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பால் வாங்கவில்லை அல்லது தயிர் வாங்கவில்லை. 'இல்லை' உள்ளே நுழைந்தபோது 'உம்' மறைந்து 'அல்லது' வந்துவிட்டது. இதையே திருப்பியும் பார்க்கலாம். 'பாலாவது தயிராவது வாங்கினேன்' என்பது பொய்யானால்? பாலும் வாங்கவில்லை, தயிரும் வாங்கவில்லை. இப்போது 'அல்லது' போய் 'உம்' வந்தது.

தறிக்கும் இதே கதைதான். 'ஊடையும் சரி, நாடாவும் சரி' என்றால் ஓடும். நின்றுவிட்டதென்றால், மின்சாரமும் மற்றவையும் ஒழுங்காக இருக்கையில், ஊடை சரியில்லை அல்லது நாடா சரியில்லை. தம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அக்கா 'அல்லது' போட்டாள்.

இந்த இரண்டு விதிகளுக்கும் டி மார்கன் விதிகள் என்று பெயர். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் கண மொழி நடத்தும்போது டீச்சர் இந்தப் பெயரைப் பலகையில் எழுதுவார். வெளிநாட்டுப் பெயர் என்று நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள். அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது மதுரையில். சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் தாண்டிப் போய் இறங்குகிறோமே, அதே மதுரை. 1806 ஜூன் 27 அவர் பிறந்த நாள். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பிறந்த கொஞ்ச நாளிலேயே குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அதனால் மதுரையைப் பற்றி அவருக்கு நினைவு எதுவும் இருந்திருக்காது.

பள்ளியில் ஒற்றைக் கண் காரணமாக விளையாட்டில் சேர முடியாமல் ஒதுங்கி நின்றார், மற்ற பிள்ளைகள் கேலியும் செய்தார்கள். படித்து முன்னேறி, 1828ல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்குக் கணிதப் பேராசிரியராகப் போனபோது அவருக்கு 22 வயதுகூட நிறையவில்லை. கணினி வருவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே கணக்கிடும் இயந்திரத்துக்கு வழிமுறை எழுதிய ஏடா லவ்லேஸ் அவரிடம் கணிதம் கற்றவர். டெல்லியில் ஆசிரியராக இருந்த ராமச்சந்திரா என்பவர் எழுதிய கணித நூல் ஒன்று டி மார்கன் கைக்குப் போனது. இதை ஐரோப்பா படிக்க வேண்டும் என்று அவர் முயற்சி எடுத்து, 1859ல் லண்டனில் அதை மறுபடி அச்சிடச் செய்தார். நாடும் நிறமும் பார்க்காமல் நல்ல கணக்கை நல்ல கணக்கு என்று சொன்ன மனிதர். விதிகளோடு இந்தச் செய்தியும் பாடப்புத்தகத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அவர் ஒரு புதிர் சொல்வார். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அவருடைய வயது என்னவோ, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அந்த ஆண்டே வரும். அவர் பிறந்த ஆண்டு 1806 என்று உங்களுக்குத் தெரியும். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கண்டுபிடியுங்கள். 42ஐ 42ஆல் பெருக்கிப் பார்த்து, அடுத்த எண்ணையும் பார்த்தால் போதும்.

விதிகளின் சாரத்தை வாக்கியங்களாக அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே தெரிந்தவர்கள் இருந்தார்கள். டி மார்கன் காலத்தில் புதிதாக நடந்தது என்னவென்றால், வாக்கியங்களைக் குறியீடுகளாக்கிக் கூட்டல் கழித்தல் போலவே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். 1847ல் அவருடைய தருக்க நூலும், அவருடைய நண்பர் ஜார்ஜ் பூலின் முதல் தருக்க நூலும் வெளிவந்தன. பூல் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன், பெரும்பாலும் தானே படித்து வளர்ந்தவர். 1854ல் அவர் எழுதிய பெரிய நூலில், உண்மைக்கு 1, பொய்க்கு 0 என்று வைத்தால் சிந்தனையையே இயற்கணிதமாக எழுதலாம் என்று காட்டினார். அவருடைய மனைவி மேரி, இந்தியாவை அளந்த நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள். சிகரத்துக்குப் பெயர் வந்ததே, அந்த எவரெஸ்ட்தான்.

அப்புறம் கிட்டத்தட்ட எண்பது வருடம் இந்தக் கணக்கு கணித அறிஞர்களிடமும் தத்துவ ஆசிரியர்களிடமும் மட்டுமே இருந்தது. 1937ல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் தம் முதுகலை ஆய்வேட்டில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே கம்பியில் இரண்டு சுவிட்சை அடுத்தடுத்து வைத்தால், முதலாவதும் போட வேண்டும் இரண்டாவதும் போட வேண்டும், அப்போதுதான் பல்பு எரியும். அது 'உம்'. இரண்டு சுவிட்சைத் தனித்தனிப் பாதையில் பக்கம் பக்கமாக வைத்தால் எதைப் போட்டாலும் எரியும். அது 'அல்லது'. வாசலில் ஒன்றும் கொல்லையில் ஒன்றுமாகப் பொத்தான் வைத்த அழைப்பு மணி 'அல்லது'. மூடியும் சாத்தி, பொத்தானும் அழுத்தினால்தான் சுற்றும் துணி துவைக்கும் இயந்திரம் 'உம்'. பூலின் கணக்கை அப்படியே மின்சுற்றாகக் கட்டலாம் என்பதுதான் ஷானன் கண்டது. உங்கள் வீட்டுக் கைபேசிக்குள் இருக்கும் சில்லில் கோடிக்கணக்கான சுவிட்சுகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

இங்கே டி மார்கன் விதி ஒரு வித்தை காட்டுகிறது. கடையில் 'அல்லது' சாமான் தீர்ந்துபோய்விட்டது, 'உம்'மும் 'இல்லை'யும் மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கொண்டு 'அல்லது' செய்ய முடியுமா? முடியும். 'பாலாவது தயிராவது வாங்கினேன்' என்று சொல்வதற்குப் பதிலாக, 'பாலும் வாங்கவில்லை, தயிரும் வாங்கவில்லை என்பது பொய்' என்று சொல்லுங்கள். வாய்க்குச் சிக்கலாக இருந்தாலும் அர்த்தம் அதேதான், நான்கு நிலைமைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிபார்க்கலாம். இதைப் பிடித்துக்கொண்டே போனால், 'உம்'மை 'இல்லை'யோடு சேர்த்த ஒரே ஒரு வகைச் சுற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எல்லாத் தருக்கச் சுற்றுகளையும் கட்டிவிடலாம். சில்லு செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்துப் பாருங்கள்.

கடைசிப் பசை 'ஆல்' – 'என்றால்'. எல்லாவற்றிலும் வழுக்குவது இதுதான், அதனால் நிதானமாகப் போவோம்.

தமிழில் இதற்கு மிகப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஒரு வாதத்தை ஐந்து உறுப்பாக அடுக்குகிறார். அங்கே வரும் உதாரணம் மலையும் புகையும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் பார்த்திருக்கிறோம் அல்லவா என்கிறது வாதம். ஓர் இளம்பெண்ணுக்கு ஆசிரியர் தருக்கப் பாடம் நடத்துவதை ஏறக்குறைய ஒரு முழுக் காதையாக வைத்த காப்பியம் நம்மிடம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கோடைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் புகை எழுகிறது என்று வையுங்கள். 'புகை இருந்தால் நெருப்பு இருக்கும்' என்பது நம் கூற்று. இதை நான்கு விதமாகப் புரட்டிப் பார்க்கலாம். புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது. சரியான வாதம். நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கிறது. இது சரியா? கொல்லர் பட்டறையில் உலையிலிருந்து இடுக்கியில் எடுத்த இரும்பைப் பாருங்கள். செக்கச் செவேலென்று இருக்கும், புகையைக் காணோம். பழைய வடமொழித் தருக்க நூல்கள் சொல்லும் உதாரணமே இந்தப் பழுத்த இரும்புதான். ஆகவே திருப்பிப் போட்டது தவறு. புகை இல்லை, ஆகவே நெருப்பு இல்லை. அதே இரும்பு இதையும் உடைத்துவிடுகிறது. நெருப்பு இல்லை, ஆகவே புகை இல்லை. இது சரி! நெருப்பு இல்லாத இடத்தில் புகை இருக்க வழியே இல்லை. இதற்கு மணிமேகலை காட்டும் உதாரணம் தண்ணீர்.

திருப்பிப் போட்டால் தவறு, மறுத்து மட்டும் போட்டாலும் தவறு, திருப்பி மறுத்துப் போட்டால் சரி. தம்பி சறுக்கியது இங்கேதான். 'ஊடை அறுந்தால் தறி நிற்கும்' என்பது அவனுக்குத் தெரிந்த உண்மை. தறி நின்றதைப் பார்த்து அதைத் திருப்பிப் போட்டுவிட்டான். தறி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து 'ஊடை அறவில்லை' என்று சொல்லியிருந்தால் அது தருக்கம்.

'ஆல்' எப்போது பொய்யாகும்? "மழை பெஞ்சா குடை கொண்டு வாரேன்" என்று மாமா சொல்கிறார். மழை பெய்தது, கொண்டு வந்தார்: வாக்கு நின்றது. மழை பெய்தது, கொண்டு வரவில்லை: வாக்குத் தவறினார். மழை பெய்யவில்லை, குடையோடு வந்து நிற்கிறார்: அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியுமா? மழை பெய்யாவிட்டால் என்ன செய்வேன் என்று அவர் எதுவும் சொல்லவே இல்லையே. மழையும் இல்லை, குடையும் இல்லை: அப்போதும் குற்றமில்லை. நான்கு நிலைமையில் ஒன்றே ஒன்றில்தான் 'ஆல்' பொய்யாகும். அது தெரிந்தால், ஒரு 'ஆல்' கூற்றைச் சோதிக்க எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: முன்பாதி உண்மையாகவும் பின்பாதி பொய்யாகவும் இருக்கும் இடத்தை.

இதை வைத்து 1966ல் பீட்டர் வேசன் என்ற இங்கிலாந்து உளவியல் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். நான்கு அட்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேசையில் வைத்தால் மேலே தெரிவது: அ, க, 4, 7. 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்' என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் புரட்ட வேண்டும்? தேவையில்லாத ஒன்றையும் புரட்டக் கூடாது. படிப்பதை இங்கே நிறுத்தி, பதிலை எழுதிவைத்துவிட்டு வாருங்கள்.

பெரும்பாலோர் 'அ' அட்டையையும் '4' அட்டையையும் சொல்வார்கள், அல்லது 'அ' மட்டும் போதும் என்பார்கள். 'அ' சரிதான், பின்னால் ஒற்றைப்படை எண் இருந்தால் கூற்று உடைந்துவிடும். '4' எதற்கு? அதன் பின்னால் 'க' இருந்தாலும் கூற்றுக்கு ஒன்றும் ஆகாது, உயிர்மெய்யெழுத்துகளைப் பற்றி யாரும் பேசவில்லை. புரட்ட வேண்டியது '7'. அதன் பின்னால் 'ஆ'வோ 'ஈ'யோ ஒளிந்திருந்தால் கூற்று பொய். வேசன் கேட்ட பல்கலைக்கழக மாணவர்களிலும் மிகச் சிலரே சரியாகச் சொன்னார்கள்.

இப்போது அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு அதே ஆட்களிடம் இதைக் கேளுங்கள். சங்கரன்கோவில் பஸ் ஒன்றில் பரிசோதகர் ஏறுகிறார். அரை டிக்கெட் வாங்கியவர் 12 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது விதி. அரை டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கும் ஒருவர், முழு டிக்கெட் வைத்திருக்கும் ஒருவர், எட்டு வயது என்று பார்த்ததும் தெரிகிற ஒரு பாப்பா, மீசை அரும்பிய ஒரு அண்ணன். பரிசோதகர் யார் யாரை விசாரிக்க வேண்டும்? அரை டிக்கெட்காரரின் வயதையும், மீசைக்கார அண்ணனின் டிக்கெட்டையும் என்று பெரும்பாலோர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பாப்பாவைத் தொந்தரவு செய்ய யாருக்கும் தோன்றாது. கணக்கு அதேதான்: அரை டிக்கெட் 'அ', முழு டிக்கெட் 'க', பாப்பா '4', அண்ணன் '7'. எழுத்தும் எண்ணுமாகக் கேட்டால் தடுமாறுகிற மனசு, ஊர் வழக்கமாகக் கேட்டால் தடுமாறாமல் இருப்பது ஏன் என்று உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். நீங்கள் சோதிக்கும்போது சிலரிடம் அட்டையை முதலிலும், சிலரிடம் பஸ்ஸை முதலிலும் கேளுங்கள். பஸ்ஸை முதலில் கேட்டவர்கள் அட்டையில் குறைவாகத் தவறுகிறார்களா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.